பூசணி கேட்டால், எந்தப் பூசணி என்று கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் காதர்பேட்டை பகுதிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. எழுதி எடுத்தபடியே தரப்படுகிறது.)

எனக்கு முன்னால பேசினவங்க கடன் இணைப்பு, தணிக்கை, தீர்மான நோட்டு எல்லாம் பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு பூசணிக்காய். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா ஆயுத பூஜைக்கு முன்னால எத்தனை குழுவுல உள்கடன் எடுத்துப் பூசணி இறக்குறாங்கன்னு நோட்டைப் புரட்டிப் பாருங்க. அந்தப் பணம் திரும்புறதும் திரும்பாததும் காயைப் பார்த்து எடுக்குறதுல இருக்கு. அதனாலதான் பேச வந்தேன்.

நான் பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தவ. இப்ப எங்க குழுவுல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து காதர்பேட்டையில தள்ளுவண்டியில காய் விக்கிறோம். காதர்பேட்டை உங்களுக்குத் தெரியாததில்லை. ரயில்வே ஸ்டேஷனை ஒட்டின இடம். ஒண்ணை ஒட்டி ஒண்ணு பனியன் கடை. கேரளாவுல இருந்தும் கர்நாடகாவுல இருந்தும் ஏவாரிங்க பண்டல் பண்டலா எடுத்துட்டுப் போறாங்க. அங்க கடைக்குக் கடை வாசல்ல ஒரு பூசணி தொங்கும். ஒவ்வொரு சந்திலயும் ஒரு மெஸ் இருக்கும், அங்க ஒரு பூசணி வேகும். எங்க வண்டிக்கு இந்த ரெண்டு பக்கமும் வாடிக்கை.

முதல்ல பேரைப் பேசிருவோம். ஏவாரத்துல பாதிச் சண்டை பேரால வருது. நம்ம கொங்குப் பக்கம் பூசணிக்காய்னா சாம்பல் பூத்த வெள்ளைக் காய். மஞ்சளா இருக்கிறது அரசாணிக்காய். சென்னைக்காரங்ககிட்ட அரசாணின்னா முழிப்பாங்க. அவங்களுக்கு அது பரங்கிக்காய், இல்லன்னா மஞ்சப் பூசணி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துல இருந்து வந்தவங்க நம்ம பூசணியைத் தடியங்காய்னு கேப்பாங்க. யாழ்ப்பாணத் தமிழர் நீற்றுப்பூசணின்னு சொல்லுவாங்க, நீறு பூசின மாதிரி இருக்கறதால. அங்க வெறுமனே பூசணின்னா மஞ்சள் காய்தான். திருப்பூர் எல்லா ஜில்லாவும் வந்து பிழைக்கிற ஊரு. அதனால ஒரு மெஸ்காரம்மா போன்ல “நாளைக்குப் பூசணி பத்துக் கிலோ போட்டுருங்க”ன்னு சொன்னா, நான் உடனே “வெள்ளையா மஞ்சளா?”ன்னு கேட்டுருவேன். அந்த ஒரு கேள்வி கேட்காம காயை வெட்டிக் கொண்டுபோய்க் குடுத்துட்டா, வெட்டின காயைத் திருப்பி எடுக்க முடியாது.

இந்த ரெண்டும் ஒரே குடும்பமானாலும் ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு நெருங்கின உறவு இல்லை. வெள்ளைப் பூசணி ஆசியாவுல ரொம்ப காலமா விளையுற காய். மஞ்சள் அரசாணி அமெரிக்கக் கண்டத்துக் காய். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மாதிரி கப்பல்ல வந்தது. பரங்கியர் கொண்டுவந்ததால பரங்கிக்காய்னு பேர் வந்ததுன்னு சொல்லுவாங்க. இதை ஏன் சொல்றேன்னா, திருஷ்டிக்கு நம்ம ஊர்ல வெள்ளைப் பூசணியைத்தான் கேப்பாங்க. ஆயுத பூஜைக்கு மஞ்சள் காயை இறக்கி வெச்சா வாசல்ல உடைக்க வாங்குறவங்க கம்மி. லோடு இறக்கும்போது கலந்து வந்தா அப்பவே பிரிச்சு எடைபோடச் சொல்லுங்க.

வடநாட்டுப் பிள்ளைங்க விஷயம் தனி. நம்ம ஊர் கம்பெனிகள்ல ஒடிசா, பீகார், வங்காளம், உத்தரப் பிரதேசம்னு எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒடியாக்காரங்க மஞ்சள் காயைக் ‘கக்காரு’ன்னு கேப்பாங்க. நம்ம வெள்ளைக் காயைப் ‘பாணி கக்காரு’ம்பாங்க. வங்காளத்துப் பொண்ணுங்க ‘கும்ரோ’ம்பாங்க. வெள்ளைக் காய் அவங்களுக்குச் ‘சால் கும்ரோ’. ‘கத்து’ன்னு கேட்டாத்தான் யோசிக்கணும். இந்தி பேசுற பலபேருக்குக் கத்துன்னா மஞ்சப் பூசணி. ஆனா பீகார்க்காரங்க நிறையப் பேர் சுரைக்காயைத்தான் கத்துன்னு சொல்றாங்க. தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் அவங்களுக்குச் சட் பூஜை. அந்த விரதம் தொடங்குற மொத நாள் கத்தும் சோறும் சாப்பிடுவாங்க. அந்தக் கத்து சுரைக்காய். அன்னைக்கு அரசாணியைக் கூவிக்கிட்டு நின்னா ஒருத்தரும் திரும்பமாட்டாங்க. சுரைக்காய் வெச்சிருக்கிறவ வண்டி பத்து மணிக்குள்ள காலியாகும். பாஷை தெரியலைன்னா காயைத் தூக்கிக் காட்டிருங்க, அவ்வளவுதான்.

இப்ப திருஷ்டிக் காய்க்கு வர்றேன். திருப்பூர்ல ஆயுத பூஜை எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷினைத் துடைச்சு சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை எல்லாருக்கும் குடுத்து, கடைசியில வாசல்ல பூசணி சுத்தி உடைப்பாங்க. கம்பெனி, குடோன், டையிங், பிரிண்டிங், லாரி ஆபீஸ், பெட்டிக்கடை, ஒருத்தரும் விடமாட்டாங்க. உடுமலை, குடிமங்கலம் பக்கத்து விவசாயிங்க இந்த ஒரு பண்டிகையை நம்பியே பூசணி போடறது உண்டு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்தும் வரும். நாம தென்னம்பாளையம் சந்தையில போய் நின்னா எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாத்தான் தெரியும். அங்கதான் பார்த்து எடுக்கணும்.

நான் பார்க்கிறது முதல்ல சாம்பல். முத்தின பூசணிமேல வெள்ளை மாவு பூத்திருக்கும், விரலை வெச்சா விரல்ல ஒட்டும். அது மெழுகு மாதிரி. காய்க்குள்ள இருக்கிற தண்ணி வெளியேறாம அதுதான் காக்குது. அதனால முத்தின பூசணி மாசக்கணக்குல கெடாம நிக்கும். பிஞ்சுல சாம்பல் இருக்காது, பச்சையா சொணை சொணையா இருக்கும், நகம் உள்ள இறங்கும். பிஞ்சு கூட்டுக்கு அருமையான காய், ஆனா நாலு நாளைக்கு மேல வெச்சிருக்க முடியாது. ரெண்டாவது காம்பு. காம்போட, காஞ்ச காம்போட இருக்கணும். காம்பு பிஞ்சு போன இடத்துல அழுகல் மொதல்ல ஆரம்பிக்கும். பூஜைக்குக் கேக்குறவங்களும் காம்பில்லாத காயை முழுக்காய்னு ஒத்துக்கமாட்டாங்க. மூணாவது எடை. ஒரே அளவு ரெண்டு காயை ரெண்டு கையில தூக்கிப் பாருங்க, கனமா இருக்கிறதை எடுங்க. நாலாவதா அடிப்பக்கம். லாரியில இருந்து கையால வாங்காம போட்டு இறக்கின காய்க்கு வெளியே ஒண்ணும் தெரியாது. பெருவிரலால அடியை அழுத்திப் பார்த்தா ஒரு இடம் மட்டும் இளகினாப்புல இருக்கும். அதை ஓரமா வெச்சிருங்க, எவ்வளவு விலை குறைச்சுச் சொன்னாலும் வேண்டாம். ஒரு காய் ஒழுகினா அது மேல சாஞ்சிருக்கிற மத்த காயும் போகும்.

எங்க பக்கத்துக் குழு ஒண்ணுல நடந்ததைச் சொல்றேன், பேரு வேண்டாம். பூஜைக்கு ரெண்டு நாள் இருக்கையில அவசரமா உள்கடன் போட்டு ஒரு ஏவாரிகிட்ட காய் எடுத்தாங்க. பாதிக்கு மேல பிஞ்சு, அதுலயும் அடிபட்டது. ராத்திரி போட்டுட்டுப் போனவரை மறுநாள் போன்ல பிடிக்க முடியலை. பூஜை முடிஞ்சு பார்த்தா நாப்பது காய் தண்ணி விட்டுக் கிடக்குது. அதைத் தூக்கிப் போட ஆட்டோ வாடகை வேற. அந்தக் கடன் குழு நோட்டுல ஏழு மாசம் நின்னுச்சு. அதுக்கப்புறம் கூட்டத்துல உட்கார்ந்தா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டாங்க. பதினாறு பேரா இருந்தவங்கள்ல நாலு பேர் விலகிட்டாங்க. பணம் சின்னத் தொகைதான். ஆனா பத்து வருஷம் வாராவாரம் சந்தா கட்டி வளர்த்த குழு.

அதனால ஒரு கணக்குச் சொல்றேன். விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், கணக்குக்காக ஒரு எண் வெச்சுக்குவோம். நூறு காய், சராசரி 4 கிலோ, மொத்தம் 400 கிலோ. கிலோ 15 ரூபாய்னு எடுத்தா 6,000. வண்டி வாடகை 900. ஆக 6,900 முதல். பூஜையன்னைக்குக் கிலோ 30 ரூபாய்னு 70 காய் போச்சு, 280 கிலோ, 8,400 ரூபாய். மீதி 30 காய் கிடக்குது. பூஜை முடிஞ்ச மறுநாள் அதைத் திருஷ்டிக்கு யாரும் கேக்கமாட்டாங்க. அதைக் குப்பைக்கு அனுப்பினா கையில நிக்கிறது 1,500. அஞ்சு பேர், ரெண்டு நாள் வெயில்ல நின்னதுக்கு ஆளுக்கு 300. நாளைக்கு 150 ரூபாய்க்குக் கம்பெனியில யாராவது கைமடிக்கப் போவாங்களா? போகமாட்டாங்க. அதே 30 காயை, 120 கிலோவை, கிலோ 12 ரூபாய்க்கு மெஸ்ஸுக்கும் சமையல்காரங்களுக்கும் தள்ளிட்டா 1,440 வருது. சேர்த்தா 2,940. ஏறக்குறைய ரெண்டு பங்கு. அப்படின்னா நம்ம லாபத்துல சரிபாதி, பூஜைக்கு விக்காத காயில இருக்கு.

இதுக்காகத்தான் திருஷ்டிக்கு எடுத்தாலும் சமையலுக்கு ஆகிற காயா எடுக்கணும்னு சொல்றேன். உடைக்கிற காய்தானே, எப்படி இருந்தா என்னன்னு நினைக்கிறதுதான் இந்த ஏவாரத்தைக் கெடுக்குது.

காதர்பேட்டைக் கடைகள்ல குழந்தைங்க டீசர்ட் பார்த்திருப்பீங்க. ஆரஞ்சுக் கலர் பூசணி, அதுல கண்ணு, மூக்கு, கோணப் பல்லு போட்டு பிரிண்ட். எக்ஸ்போர்ட்ல மிஞ்சினது. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தி, “அக்கா, வெள்ளைக்காரங்களுக்கும் திருஷ்டி இருக்குது போல”ன்னா. அது அக்டோபர் 31-ந் தேதி ஹாலோவீன் பண்டிகை. அயர்லாந்துல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு உள்ள விளக்கு வெச்சாங்க. அமெரிக்காவுக்குக் குடிபோனவங்க அங்க பெருசா பூசணி கிடைக்கவும் அதைக் குடைய ஆரம்பிச்சாங்க. கெட்டதை விரட்ட வாசல்ல முகம் வெக்கிறது கொஞ்சம் நம்ம ஊரு மாதிரிதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. அங்க குடையுறதுக்குன்னே தனி ரகம். தோலும் சதையும் மெலிசு, நாரு, தண்ணி. சமைச்சா ருசி இருக்காது. சமையலுக்குச் சின்னதா, சதை கெட்டியா, இனிப்பா வேற ரகம் வாங்குவாங்க. நம்ம ஊர்ல அப்படிப் பிரிவினை இல்லை. கடை வாசல்ல தொங்குறதும் கல்யாணப் பந்தியில அல்வாவா வர்றதும் அதே வெள்ளைப் பூசணி. அது நமக்கு லாபம்.

அந்த லாபம் நிக்கணும்னா ஒரு வேலையை மட்டும் செய்யக்கூடாது. முகம் எழுதறதை முன்கூட்டி எழுதி வெக்காதீங்க. பெயிண்ட் பட்ட காய் சட்டிக்கு ஆகாது. வாங்க வந்தவர் நிக்கும்போதே கண்ணு மீசை எழுதிக் குடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. எங்க குழுவுல ஒரு தங்கச்சி மீசையை முறுக்கி எழுதறதைப் பார்க்கவே ஆள் நிக்கும். மேல ஓட்டை போட்டுக் குங்குமம் நிரப்பித் தர்றதும் அப்படித்தான், கேட்டதுக்கப்புறம் போடுங்க.

தொங்கவிடுற காய்க்கு இன்னொரு கவனம் வேணும். காதர்பேட்டையில கடைன்னா வாசல் வரைக்கும் வெள்ளைப் பனியனை அடுக்கியிருப்பாங்க. பிஞ்சுக் காயைக் கட்டிட்டா ரெண்டே வாரத்துல அடியில இளகிச் சொட்டும். ஒரு பண்டல் மேல சொட்டினா அந்தக் கடைக்காரர் ஜென்மத்துக்கும் நம்மகிட்ட காய் வாங்கமாட்டார். தொங்கவிட ரெண்டு கிலோ, மூணு கிலோ சின்னக் காயா, நல்லா முத்தினதா எடுங்க. பெரிய கேட்டுல உடைக்கத்தான் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ கேப்பாங்க. காம்புல கயிறு கட்டித் தொங்கவிட்டா காம்பு கழண்டு தலையில விழும். உறி மாதிரி பின்னின கயித்துல உட்கார வெச்சுக் குடுங்க. பனியன் துணி வெட்டின வேஸ்ட்டுல பின்னினா நம்ம கைக்காசும் மிச்சம்.

இன்னொண்ணு. ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒருநாள். ஆனா அமாவாசை மாசாமாசம் வருது. கடைக்காரங்க நிறையப் பேர் பழைய காயை எடுத்துட்டு அமாவாசைக்குப் புதுசு கட்டுறாங்க. நாங்க கடைக்கடையா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கோம், யாருக்கு எந்த அளவு, உடைக்கவா கட்டவா, எல்லாம். அமாவாசைக்கு முதல்நாள் சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்துருவோம். கூட்டம் இல்லை, கூவல் இல்லை, மீதமும் இல்லை. மீந்த முத்தின காயும் அடுத்த அமாவாசைக்கு ஆகும்.

காய் வெக்கிற விதம் சொல்லிடறேன். தரையில நேரா வெக்காதீங்க. சாக்கோ வைக்கோலோ போட்டு, காம்பு மேல பார்க்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம, ஒண்ணை ஒண்ணு தொடாம, காத்தாட வெக்கணும். வாரம் ஒருதரம் திருப்பிப் பாருங்க. சாம்பலைத் துடைக்காதீங்க, பளபளப்பா இருக்கட்டும்னு ஈரத்துணியால துடைச்சு வெச்ச காய்தான் சீக்கிரம் போகும்.

இனிச் சமையல். கூட்டு, மோர்க்குழம்புக்கு ரொம்ப முத்தாத நடுத்தரக் காய். வெட்டினா சதை வெள்ளையா, விதை மெல்லிசா இருக்கணும். அல்வாவுக்கும் வடகத்துக்கும் முத்தலே நல்லது, சதை கெட்டியா தண்ணி கம்மியா நிக்கும். காசி அல்வா செய்யத் தெரியாதவங்க இங்க குறைவு. துருவிப் பிழிஞ்சு, பிழிஞ்ச தண்ணியிலயே வேகவெச்சு, துருவல்ல பாதி அளவு சர்க்கரை போட்டு, நெய்யை விட்டுக் கிளறினா முடிஞ்சுது. பிழிஞ்ச தண்ணியைக் கீழ ஊத்திட்டு வேற தண்ணி விடுறவங்களை எனக்குப் பிடிக்கிறதே இல்லை. வடநாட்டுல ஆக்ரா பேட்டான்னு ஒரு இனிப்பு, கண்ணாடி மாதிரி இருக்குமே, அதுவும் இந்தக் காய்தான். துண்டு போட்டுச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவெச்சு, நல்லாக் கழுவி, வேகவெச்சுப் பாகுல போடுறாங்க. சுண்ணாம்புதான் துண்டைக் கரையவிடாம நிறுத்துது. நம்ம ஊர்ல இருக்கிற வடநாட்டு வாடிக்கைக்கு அதைப் பழகிக்கிட்டா விக்கலாம். வெத்திலைக்குப் போடுற சுத்தமான சுண்ணாம்பா இருக்கணும், சுவத்துக்கு அடிக்கிறது ஆகாது. இப்படி இனிப்பு, வடகம் செஞ்சு விக்கப்போற குழு உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு வாங்கிக்கங்க, கூட்டமைப்புல கேட்டா வழி சொல்லுவாங்க.

வடகத்துக்கு நாள் பார்க்கணும். ஆயுத பூஜை முடிஞ்சதும் ஐப்பசி மழை. அப்போ துருவி உளுந்துமாவுல கலந்து பிழிஞ்சா காயாது, பூசணம் பிடிக்கும். முத்தின காயை மாசி வரைக்கும் வெச்சிருந்து, வெயில் ஏறினதுக்கப்புறம் போடுங்க. ஐப்பசியில அல்வா, மாசியில வடகம். மீதியை மெஸ்ஸுக்குத் தள்ளுறதா இருந்தா வேகமாத் தள்ளணும். 2025-ல ஆயுத பூஜை அக்டோபர் 1, தீபாவளி அக்டோபர் 20. நடுவுல பத்தொன்பது நாள். தீபாவளிக்குப் போனஸ் வாங்கினதும் ஊரே பஸ் ஏறிரும், மெஸ் எல்லாம் சாத்திருவாங்க. பூஜைக்கு முன்னாடியே நாலு மெஸ்ஸுல பேசி வெச்சிருங்க.

அரசாணியைப் பத்திக் கொஞ்சம். காம்பு தக்கை மாதிரி காஞ்சிருக்கணும், தோல்ல நகம் இறங்கக்கூடாது, மண்ணுல படுத்திருந்த பக்கம் வெளுப்பா இல்லாம மஞ்சளா இருக்கணும். கீத்தா வாங்குறவங்க உள்ள நிறத்தைப் பாருங்க. ஆரஞ்சு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு இனிப்பு. நடுவுல பொந்து பெருசா, நாரு தொங்கினா தண்ணிக்காய். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விட்ட ரகங்கள்ல கோ 2 சின்னக் காய், ஒண்ணரை, ரெண்டு கிலோ. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்க்கா சூர்யமுகி அதைவிடச் சின்னது, ஏறக்குறைய ஒரு கிலோ. ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர், மூணு பேரா சமைக்கிறாங்க. அவங்களுக்கு எட்டுக் கிலோ காயை எதுக்குக் காட்டணும்? சின்னக் காயை முழுசாக் குடுத்தா வெட்டின கீத்து மீந்து அழுகுற தொல்லை நமக்கும் இல்லை. வெட்டித்தான் விக்கணும்னா விதையையும் நாரையும் வழிச்சு எடுத்துட்டு வெட்டுங்க, அழுகல் அங்கதான் தொடங்குது. விதையைக் கழுவிக் காயவெச்சு வறுத்தா பிள்ளைங்க திங்கும்.

செக்கிங்ல உட்கார்ந்து நாளெல்லாம் தையலையும் ஓட்டையையும் பார்க்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. அரசாணியோட அந்த ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடம்புல அது வைட்டமின் ஏ ஆகுது, கண்ணுக்கு வேணுங்கிறது. கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பொரியல் பண்ணினா உடம்புல நல்லா ஒட்டும். ட்யூப்லைட் வெளிச்சத்துல பத்து மணிநேரம் பார்க்கிற கண்வலி இதனால தீராது. அதுக்கு ஓய்வும் டாக்டரும்தான். ஆனா நம்ம தட்டுல மலிவா விழுகிற காய் இது, அதை வேண்டாம்னு ஒதுக்காதீங்க. எந்தக் காயானாலும், வெள்ளையோ மஞ்சளோ சுரையோ, ஒரு துண்டை வாயில வெச்சுக் கசந்தா துப்பிட்டு முழுக்காயையும் போட்டுருங்க. கசப்புக்குக் காரணமான பொருள் வாந்தி பேதி வரைக்கும் கொண்டுபோகும். வேகவெச்சாலும் அது போகாது.

மார்கழிக்குப் பூசணிப்பூ கேப்பாங்க, சாணிப் பிள்ளையாருக்கு வெக்க. வீட்டுல, கம்பெனிச் சந்துல கொடி விட்டிருக்கிறவங்க ஆண் பூவை மட்டும் பறிங்க. மெல்லிசா நீளக் காம்புல தனியா நிக்கிறது ஆண் பூ. பூவுக்கு அடியில குட்டியூண்டு காய் உருண்டையா தெரிஞ்சா அது பெண் பூ, அதைப் பறிச்சா காயைப் பறிச்ச மாதிரி. ஆண் பூவையும் முழுக்கப் பறிச்சுராம, தேனீ வந்து போக நாலஞ்சை விட்டு வையுங்க. வங்காளத்து, ஒடியாப் பெண்கள் இந்தப் பூவை மாவுல தோச்சுப் பொரிச்சுத் திம்பாங்க. கட்டுக் கட்டிக் காட்டினா வாங்கிக்குவாங்க.

கடைசியா ரோடு. பூஜை ராத்திரி காதர்பேட்டையில நடந்து பாருங்க, சந்து முழுக்கச் சிதறின சதையும் விதையுமா வழுக்கும். ரோட்டு நடுவுல உடைக்காதீங்கன்னு வருஷாவருஷம் சொல்லித்தான் பார்க்கிறாங்க. எங்க வீதியில ஒரு தங்கச்சி ஒண்ணரை ஷிப்ட் முடிச்சுப் புருஷன் வண்டியில பின்னால உட்கார்ந்து வந்தவ, பூசணி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு மூணு மாசம் ஓவர்லாக் மெஷின்ல உட்காரலை. மறுநாள் விடியக்காலம் அதையெல்லாம் வாரிக் கூட்டுற தூய்மைப் பணியாளர் அக்காமாரும் இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க. குங்குமம், சில்லறைக் காசு, கற்பூரம் எல்லாம் கலந்த அந்தக் காயை மாடும் திங்குது. உடைச்ச காயைச் சமைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாங்க. வேண்டாமுங்க. மலிவுக் குங்குமத்துல இருக்கிற சாயம் வயித்துக்கு ஆகாது.

விக்கிற நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. காயோட ஒரு பழைய சாக்கையும் சேர்த்துக் குடுக்கிறோம். வாசல் ஓரமா சாக்கை விரிச்சு அதுமேல போட்டு உடைச்சா, சுருட்டி அப்படியே குப்பை வண்டியில போட்டுரலாம். மொத வருஷம் வாங்கினவங்க சிரிச்சாங்க. ரெண்டாவது வருஷம் “எங்கம்மா சாக்கு?”ன்னு அவங்களே கேட்டாங்க. சாக்குக்குத் தனியாக் காசு வாங்குறதில்லை.

இந்த வருஷம் பூசணி எடுக்கப்போற குழுக்கள் புரட்டாசி பிறக்கிறதுக்குள்ள கூட்டமைப்பு அலுவலகத்துல பேர் குடுத்துருங்க. தனித்தனியா நூறு நூறு காய் எடுக்காம எல்லாரும் சேர்ந்து ஒரே வண்டியா தோட்டத்துலயே போய்ப் பார்த்து எடுக்கலாம்னு பேசியிருக்கோம். காய் பார்க்க எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேர் கூட வர்றோம். வண்டி வாடகையைக் காய்க் கணக்குல பிரிச்சுக்கலாம், பணம் ஏவாரி கைக்குப் போறதுக்கு முன்னால ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க.